கரடி லோகோ இல்லை

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணி,

இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முட்டி வலி விட்டபாடில்லை. ஆனால் டிவி ரிமோட்டை எடுக்க எழுந்து போகிற வேகத்தைப் பார்த்தால் வலி என்று சொல்ல முடியாது. உங்கள் தம்பி ஏதோ பிஸ்கட் அட்டைக்குப் படம் வரைகிறேன் என்று மேசையே கதியாகக் கிடக்கிறார்.

நான் எழுதுவது ஒரு பெருமையான விஷயத்துக்கு. எங்கள் ஆபீஸில் போன மாதம் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்டார்கள். எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். விமானத்தில் போனவர்கள் பெட்டி வரவில்லை, சீட் மாறிவிட்டது என்று டைப் செய்து திட்டுவார்கள். நாங்கள் வருந்துகிறோம் என்று திருப்பி டைப் செய்வோம். இந்தப் புது சாஃப்ட்வேர் எங்கள் விரல்களைக் கவனிக்கிறது. கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடாமல் இருந்தால் ஸ்கிரீனில் ஒரு கரடி வந்து உட்கார்ந்து குறட்டை விடும். நம் ஸ்கிரீனோடு போனால் பரவாயில்லை. சூப்பர்வைசர் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவியிலும் நம் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். மொத்த ஹாலும் திரும்பிப் பார்க்கும்.

அது நம் கரடி, அண்ணி. உங்கள் 'நித்திரை' சாஃப்ட்வேரின் கரடி. நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் கைமுட்டியை முட்டுக் கொடுத்து, தோளில் துண்டோடு, ஒரு செருப்பு கழன்று கிடக்கத் தூங்குமே, அதேதான். "இது என் வீட்டுக்காரர் வரைஞ்சது, என் நாத்தனாரோட சாஃப்ட்வேர் லோகோ" என்று சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. "ஆமா, நிலாவில தெரியற படம்கூட எங்க மாமா வரைஞ்சதுதான்" என்கிறாள் எதிர் சீட்டுக்காரி.

அதனால் நீங்கள் நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். இது உங்கள் லோகோ, வரைந்தது உங்கள் தம்பி என்று. பிரிண்ட் எடுத்து என் சீட்டுக்குப் பின்னால் ஒட்டப்போகிறேன்.

ஒரு வேடிக்கை சொல்ல மறந்துவிட்டேன். எங்களில் வயதில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். கரடி அவரிடம்தான் அதிகம் வரும். இப்போது ஹாலில் அவருக்குப் பெயரே கரடியம்மா.

உங்கள்
வாலு


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன்.

நீ கேட்டதற்குத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நித்திரை ஓர் இலவச சாஃப்ட்வேர். கணினியில் இருப்பவற்றை, அதன் சொந்தக்காரர் கவனிக்காத நேரத்தில் தானாகவே படியெடுத்துப் பத்திரப்படுத்துவது அதன் வேலை. பல ஊர்களில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து அதை எழுதுகிறார்கள். பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதன் லோகோ, நித்திரை என்ற எழுத்துகளும் அவற்றின் மேல் உள்ள பிறையும்.

கரடி லோகோ இல்லை. அது மாஸ்காட். அதாவது திட்டத்தின் செல்லப்பிள்ளை மாதிரி. லோகோவை எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் தங்கள் பொருளில் போடக் கூடாது. மாஸ்காட்டை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் ஆபீஸுக்கு அந்த சாஃப்ட்வேரை விற்ற கம்பெனி என்னிடம் முறையாக எழுதிக் கேட்டது. நானும் இந்த விதியைத்தான் பதிலாகச் சொன்னேன். எங்கள் இணையப் பக்கத்திலும் அது இருக்கிறது.

ஆகவே நீ கேட்டதை எழுதித் தர இயலாது. ஆபீஸில் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது உனக்கும் நல்லது. தம்பியிடமும் சொல்ல வேண்டாம். அவனுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

அம்மாவுக்கு மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கவும்.

அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணி,

பெட்டி தொலைத்தவருக்கு நான் அனுப்புகிற பதில் மாதிரியே இருந்தது உங்கள் கடிதம். 'இயலாது', 'கொடுக்கவும்'. நான் எப்போது தம்பி மனைவி ஆனேன்? எனக்கு வாலு என்று பெயர் வைத்ததே நீங்கள்தானே. கல்யாணம் ஆன மறுநாளே வைத்தீர்கள்.

சரி, எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். நீங்கள் எங்களுக்கு அனுப்பிய சட்டையில் கரடிதான் இருக்கிறது, பிறை இல்லை. காபி குடிக்கிற கப்பிலும் கரடி. அவர் லேப்டாப்பில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலும் கரடி. நித்திரை என்றதும் எல்லார் கண்ணிலும் அதுதான் வந்து நிற்கும். என் அடையாள அட்டையில் இருப்பது என் முகம் இல்லை, அது என் செல்லப்பிள்ளை என்று வாட்ச்மேனிடம் சொன்னால் உள்ளே விடுவாரா?

அவரிடம் ஏன் சொல்லக் கூடாது என்றும் புரியவில்லை. அவர் படம் ஆபீஸ் ஆபீஸாகப் போகிறது என்றால் சந்தோஷம்தானே படுவார்? நீங்கள் சொன்னதற்காக இதுவரை வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

கரடியம்மா என்று சொன்னேனே, அவர் திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. வேலையை விட்டுவிட்டார் என்கிறார்கள். உடம்பு சரியில்லையோ என்னவோ.

பதில் போடுங்கள். மனுஷர் பாஷையில்.

வாலு


மார்ச் 3

அண்ணி,

நீங்கள் ஏன் பதில் போடவில்லை என்று இப்போது தெரிகிறது.

நேற்று மதியம் ஓய்வறை நாற்காலியில் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். அத்தைக்கு வயிறு சரியில்லாமல் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. எழுந்து ஹாலுக்கு வந்தால் ஆளாளுக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர் சீட்டுக்காரி ஃபோனை நீட்டினாள். நான் தூங்குவதைப் படம் பிடித்து, பக்கத்தில் கரடியை ஒட்டி வைத்திருந்தாள். கன்னத்தில் இடது கைமுட்டி. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. வலது செருப்பு கழன்று, அந்தக் கால் மற்றக் காலின் மேல் ஏறியிருக்கிறது. முகம் துடைத்த துண்டு தோளில் கிடக்கிறது.

"வரைஞ்சது உங்க வீட்டுக்காரர்தான். இப்ப நம்பறோம்" என்றாள்.

தூங்கும்போது நாம் எப்படி இருப்போம் என்று நமக்கு எங்கே தெரியும்? அந்தக் கரடியை இத்தனை வருடம் கப்பில் பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். "அது நானா?"

பென்சிலைக் கீழே வைத்தார். "எது?" என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப, ஆஸ்பத்திரியில வரைஞ்சது. நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் என்ன கரடியான்னு கேட்டு சண்டை போடுவே."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அக்காவுக்கு அனுப்பத்தானே வரைஞ்சேன்."

எனக்கு லோகோவும் வேண்டாம், மாஸ்காட்டும் வேண்டாம். அந்தக் கம்பெனிக்காரர் கேட்டு நீங்கள் சரி என்று எழுதினீர்களே, அப்போது அது நான் என்று உங்களுக்கு நினைவு இருந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.


மார்ச் 9

வாலு,

நினைவு இருந்தது.

இதற்குக் கீழே என்ன எழுதினாலும் சாக்குப்போக்காகத்தான் இருக்கும். இருந்தாலும் நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நான் லீவு கேட்கவே இல்லை. அம்மாவை அந்தக் கோலத்தில் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்போதுதான் தம்பி அந்தப் படத்தை அனுப்பினான். அடியில் எழுதியிருந்தான்: "அம்மா பயமா இருக்கு, தூக்கம் வரலைன்னாங்க. 'நீங்க தூங்குங்க அத்தை, நான் பார்த்துக்கறேன்'னு சொல்லிட்டு, இவ தூங்கிட்டா. ஆனா அம்மா லேசா முனகினாலும் முதல்ல முழிக்கறது இவதான்."

முதலில் சிரித்தேன். அப்புறம் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருந்திருக்க வேண்டிய நாற்காலி அது.

அந்தச் சமயத்தில்தான் நித்திரையை எழுதிக்கொண்டிருந்தேன். முகப்பில் அந்தக் கரடியை வைத்தேன். கீழே உன் வாக்கியத்தை வைத்தேன்: 'நீங்க தூங்குங்க, நான் பார்த்துக்கறேன்.' எங்கெங்கோ இருப்பவர்கள் அதைப் பார்த்துதான் நித்திரையை நம்பினார்கள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், நான் வராமல் இருந்ததைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

நீ சட்டையில் பிறை எங்கே என்று கேட்டாய். பிறை இருக்கவே இல்லை. கம்பெனியின் கடிதம் வந்த வாரத்தில் நானே உட்கார்ந்து அந்த எழுத்தையும் பிறையையும் செய்தேன். பக்கத்தின் உச்சியில் போட்டுவிட்டு, இதுதான் லோகோ, கரடி வெறும் மாஸ்காட் என்று விதி எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பொறுப்பில் இருப்பவள் எழுதினால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்குப் போன வருடமே வேலை போய்விட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஃபோன் செய்யும்போதெல்லாம் ஆபீஸில் இருக்கிற மாதிரி பேசினேன். அந்தக் கம்பெனியின் மேலாளர் தன் கடிதத்தின் கடைசியில், "உங்களைப் போன்ற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதியிருந்தார். கரடியை எதற்குப் போடப்போகிறார்கள் என்பதையும் ஒளிக்கவில்லை. குறட்டைச் சத்தத்தோடு செய்தே அனுப்பியிருந்தார். பார்த்தேன். பாதியிலேயே சத்தத்தை அணைத்தேன். முடியாது என்று சொன்னால் அந்த வேலை கிடைக்காது. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. 'லோகோ இல்லை' என்று எழுதினால் இரண்டுமே சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இரண்டு முறை நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள்.

உன் ஹாலுக்கு வரும் என்று சத்தியமாகத் தெரியாது. வேறு யாருடைய ஹாலுக்கோ போனால் போகட்டும் என்று இருந்திருக்கிறேன். அதுவும் எழுதும்போதுதான் உறைக்கிறது.

மன்னித்துக்கொள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணி


மார்ச் 14

அண்ணி,

உங்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை. காரணம் இருக்கிறது.

கரடியம்மா என்று பெயர் வைத்தது நான்தான். 'ஹாலில் அவருக்குப் பெயரே' என்று யாரோ வைத்த மாதிரி உங்களுக்கு எழுதினேன். அவருக்குக் கண்ணில் புரை. வருகிற ஒவ்வொன்றையும் ஸ்கிரீனுக்குக் கிட்டே போய் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் டைப் அடிப்பார். அதற்குள் கரடி வந்துவிடும். கரடிக்குக் குறட்டைச் சத்தம் சிறிதாகத்தான் வரும். நான் வாயால் பெரிதாகப் போடுவேன். நான் போட்டால் ஹாலே சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் ஸ்கிரீனைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டிருப்பேன்.

கடைசி நாளும் போட்டேன். அன்றைக்கு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உடம்பு சரியில்லையோ என்னவோ என்று உங்களுக்கு எழுதினேன் பாருங்கள். எனக்குத் தெரியாதா?

என்னைப் பார்த்து ஒரே ஒரு நாள் சிரித்தார்கள். அதற்கே வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

அதனால் என்னிடம் மன்னிப்புக் கேட்டதோடு முடித்துவிடாதீர்கள். எங்கே அந்த விதியை எழுதினீர்களோ அங்கேயே போய் மாற்றி எழுதுங்கள். நானும் ஓரிடத்துக்குப் போக வேண்டும். அவர் வீட்டு விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் வேலை விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள்.

வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலு,

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. எங்கள் கூட்டம் என்றால் தெரியும்தானே, அவரவர் வீட்டிலிருந்து ஸ்கிரீனில் முகம் காட்டுவது. ஒருவர் பின்னால் துணி காய்ந்துகொண்டிருக்கும், ஒருவர் வீட்டில் குழந்தை அழும்.

விதியை மாற்ற வேண்டும், கரடியும் நம் லோகோதான் என்று ஆரம்பித்தேன். நித்திரையில் பிழை பார்க்கிறவர் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். "படத்தை யார் வேணாலும் எடுத்துக்கலாம்னு வெளியிட்டுட்டோம். இப்ப திருப்பிக் கேட்டா நல்லாவா இருக்கு?"

"படத்தை வரையலாம், மாத்தலாம், சட்டையில போட்டுக்கலாம். அதையெல்லாம் நிறுத்தச் சொல்லல" என்றேன். "தன்னோட பொருளுக்கு முகமா வைக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்றேன். லோகோவுக்கு உள்ள விதி அதுதானே?"

"அதான் லோகோ பிறைன்னு ஆச்சே."

"பிறையைக் காட்டினா நித்திரைன்னு உங்கள்ல யாருக்குத் தெரியும்?"

நித்திரையை மொழிபெயர்க்கிற அம்மா சிரித்துவிட்டார். "எனக்கே தெரியாதுங்க. ஏதோ படுக்கைக் கடை விளம்பரம்னு நெனச்சேன். நம்ம லோகோ எதுன்னு ஜனங்க எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. நாம எழுதி வச்சு என்ன ஆகப் போகுது?"

எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது, எப்போதும் வாய் திறக்காத ஒருவர், விளக்கக் குறிப்பு எழுதுபவர், கேட்டார். "இவ்வளவு தெளிவா இருக்கே. அப்போ அந்த விதியை ஏன் எழுதுனீங்க?"

யோசித்து எழுதினேன், தவறாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். "அந்தக் கம்பெனியில எனக்கு வேலை வேணும்னு எழுதினேன்" என்றேன்.

யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. என் முகமும் அந்த ஸ்கிரீனில் ஒரு மூலையில் தெரிந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

கரடி லோகோ என்று முடிவாயிற்று. பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொண்டேன். அந்த மொழிபெயர்க்கிற அம்மா பார்த்துக்கொள்கிறார். இரண்டு பேர் என்னோடு இனி சேர்ந்து வேலை செய்ய விருப்பமில்லை என்று எழுதிவிட்டார்கள். கம்பெனிக்கு முறைப்படி எழுதினோம். கரடியை எடுத்துவிடுகிறோம் என்று பதில் வந்தது. அன்றைக்கே எனக்கும் தனியாக ஒரு வரி வந்தது: அந்த இடத்துக்கு இப்போது ஆள் எடுப்பதாக இல்லையாம்.

அம்மாவிடம் வேலை போனதைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வராததையும் சொன்னேன். "வேலை போனா வீட்டுக்கு வர வேண்டியதுதானே" என்றார். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் குத்துகிறது.

இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன். அந்தப் படம் லோகோவாக இருப்பதில் உனக்குச் சம்மதமா? வேண்டாம் என்றால் அந்த மொழிபெயர்க்கிற அம்மாவிடம் சொல்லி எடுக்கச் சொல்கிறேன். காரணம் கேட்க மாட்டார்.

அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணி,

இருக்கட்டும். கோணிய வாயை மட்டும் நேராக்கித் தரச் சொன்னேன். உங்கள் தம்பி முடியவே முடியாது என்கிறார். இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இங்கே கரடி போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது எங்கள் அடையாள அட்டைப் படத்தையே போடுகிறார்கள். கை ஓய்ந்தால் நம் முகம் சாம்பல் நிறமாகிச் சுவரில் வந்து நிற்கும். குறட்டை இல்லை. சிரிப்பும் இல்லை. கரடி இருந்தவரை அது வேறு யாரோ என்று சிரித்தோம். இப்போது யார் முகம் வந்தாலும் எல்லாரும் குனிந்துகொள்கிறோம். நேற்று நாங்கள் சேர்ந்து போய் சூப்பர்வைசரிடம் அதை எடுக்கச் சொன்னோம். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். எடுப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் அவ்வளவு பட்டும் இதுதான் நடந்தது என்று வருத்தப்படாதீர்கள்.

போன சனிக்கிழமை அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரமாம். என் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். "அட, நீயா? உள்ள வா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடுவித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தப் பேரை வச்சது நான்தான்க்கா. குறட்டை விட்டதும் நான்தான்."

"நீ எங்கிட்ட நல்லாத்தானே பேசுவே?"

"ஆமாக்கா."

"அப்போ அவ இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. அவருக்குப் பக்கத்து சீட்டில் ஒருவர் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பஸ்ஸில் வந்து போவார்கள். சத்தம் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது என்று இவர் நினைத்திருக்கிறார். நான் அவருக்கு நேர் பின்னால் உட்காருவேன்.

"ஆபரேஷன் ஆன மறுநாள் பழம் வாங்கிட்டு வந்தா. உள்ள வராதேன்னு வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டேன். என்ன தப்பு பண்ணேன்னு கேட்டா. நீயே யோசிச்சுப் பாருன்னு கதவைச் சாத்திட்டேன்."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. மேசையைத் தடவி ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்கு எழுத்து தெரியல. அவ நம்பரைத் தேடிப் போடு. நீயே சொல்லு."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், அண்ணி, பொய் சொல்லவில்லை. எடுத்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து அவசர அவசரமாக, "கண்ணு எப்படி இருக்கு? தண்ணி படாம பார்த்துக்கறியா?" என்றார்.

பேசுவது அவர் இல்லை, நான் என்று சொல்லி ஆரம்பித்தேன்.

வாலு